சங்கத்துக் கணக்குப் புத்தகம்

(இலங்கையின் ஹட்டனில் உயர்தர மாணவர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, தகப்பன்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் படிப்புச் செலவையும், பல்கலைக்கழகத்தில் அவர்கள் மாணவர் சங்கங்களில் சேருவதையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலில் கடனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது என்றால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் எல்லாமே பட்டாசு கொளுத்துகின்றன. கொஞ்ச நாளில் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லைதான். ஆனால் சாப்பாடு, பஸ், அறை வாடகை, லெப்டொப் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். மஹாபொல, பர்சரி என்ற அரச உதவித்தொகைகளில் ஒன்றுக்குத் தகுதி இருந்தால் முதல் வேலையாக விண்ணப்பியுங்கள். அந்தக் காசு சில வேளை பிந்தி வரும். அந்த இடைவெளியில்தான் நம் வீடுகளுக்குள் நுண்கடன் நுழைகிறது. தோட்டச் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. நுண்கடன்காரர் தவணை கேட்டு வாரா வாரம் வாசலில் நிற்பார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிள்ளையின் படிப்புக்காக அம்மாவின் பேரில் வாரத் தவணைக் கடன் எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வட்டிதான் இல்லை, வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். எட்டு இலட்சம் எடுத்ததாக வையுங்கள். 2024இல் அறிவித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் அது ஏறக்குறைய 593 நாள் கொழுந்து பறித்த காசு. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு வெட்டுவதற்கு முந்திய கணக்கு இது. ஆகவே கையெழுத்துப் போட முன்னர், அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா, அதை முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். ஆசிரியத் தொழிலில் விருப்பமுள்ள பிள்ளைக்குப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அதை யாரும் இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம்.

இனி, எனக்கு மனதுக்கு நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் விரிவுரை முடிந்ததும் நேரே அறைக்குப் போய்விடுகிறார்கள். "நாங்க கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க, சங்கம் கிங்கமெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்கும்போது நெஞ்சு கனக்கிறது. இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945இல் வந்தது. நம் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்க எழுபதுகள் ஆயின. அந்த இடைவெளியால்தான் நமக்கு வங்கியில் ஒரு மாமா, கம்பனியில் ஒரு சித்தப்பா என்று கைகாட்டிவிட ஆள் இல்லை. உறவில் கிடைக்காத அந்த அறிமுகத்தைப் பல்கலைக்கழகத்தில் சங்கங்கள்தான் தரும். வசதியான வீட்டுப் பிள்ளையை விட நமக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

எந்தச் சங்கம் என்பது உங்கள் விருப்பம். தமிழ்ச் சங்கம், விவாதக் கழகம், ரோட்டரக்ட், எதுவானாலும் ஒன்று போதும். ஐந்து சங்கத்தின் டீசேர்ட் போட்டவரை விட ஒரு சங்கத்தில் மூன்று வருடம் உழைத்தவருக்கே நேர்முகப் பரீட்சையில் சொல்ல விடயம் இருக்கும். பதவி கேட்பதாக இருந்தால் தனாதிகாரிப் பதவியை, அதாவது காசுக் கணக்குப் பார்க்கும் பொருளாளர் பதவியைக் கேளுங்கள். மேடையும் மாலையும் தலைவருக்குப் போகட்டும்.

அந்த வேலை எப்படியிருக்கும் என்று பாருங்கள். கலைவிழாவுக்கு அனுசரணை கேட்டு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கடிதம் எழுத வேண்டும். கடைக்காரர் முன்னால் போய் நின்று பேச வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் கேட்ட முற்பணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் "மச்சான், அஞ்சூறு செலவாச்சு" என்று வரும் கூட்டாளியிடம் முகம் கோணாமல் முடியாது என்று சொல்ல வேண்டும். கடைசியில் பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்கு வாசிக்க வேண்டும். இதை ஒரு வருடம் ஒழுங்காகச் செய்த பிள்ளையிடம் "காசு விடயத்தில் உங்களை நம்பலாமா?" என்று எந்த முகாமையாளரும் கேட்கத் தேவையில்லை. சுயவிபரக்கோவையில் அது ஒரு வரிதான். ஆனால் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச உங்களால் முடியும்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது தோட்டப் பாடசாலைகளில் இலவசக் கருத்தரங்கு நடத்தும் மூத்த மாணவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களோடு சேருங்கள். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆள் தேடி அலையும் பாடசாலைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே கற்பித்துப் பழகினால், பிறகு சம்பளத்துக்கு வகுப்பு எடுத்து உங்கள் சாப்பாட்டுச் செலவையும் பார்த்துக்கொள்ளலாம்.

படிப்பை விட்டுவிட்டு இதையெல்லாம் செய்யச் சொல்லவில்லை. பல பீடங்களில் விரிவுரைகளுக்கு 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சைக்கு முந்திய மாதம் சங்கக் கணக்கை உதவித் தனாதிகாரியிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். பதவி ஏற்கும் அன்றே இதைச் சொல்லி வையுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது.

பெண் பிள்ளைகளின் அம்மாமாரிடம் ஒன்று கேட்கிறேன். மகன் கூட்டத்துக்குப் போனால் பெருமைப்படுகிறோம். மகள் கூட்டம் முடிந்து விடுதிக்குப் போக ஏழு மணியாகும் என்றால், "படிக்கத்தானே அனுப்பினோம்" என்று போனிலேயே அழ வைக்கிறோம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. யார் பொறுப்பான விரிவுரையாளர், யாரோடு திரும்பி வருகிறாள் என்று கேளுங்கள், அந்த விரிவுரையாளருடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். அதற்குப் பிறகு அவளைப் போக விடுங்கள்.