ஈரம் போன பிறகுதான் ரெசின்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கூத்தங்குழியிலிருந்து உவரி வரைக்கும் கடற்கரையோரமாகப் போனால், மணலில் கவிழ்ந்து கிடக்கும் பழைய ஃபைபர் வள்ளங்களைப் பார்க்கலாம். அவற்றின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். கட்டுமரம் பழசானால் கட்டை அவிழ்த்து அடுப்புக்காவது வைக்கலாம். ஃபைபர் மட்கவும் மட்காது, எரித்தாலோ அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். அப்படிக் கிடப்பவற்றில் பல இன்னும் கடலுக்குப் போகக்கூடியவை. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒன்றைச் சரிசெய்து பார்த்த தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

அது என் சித்தப்பாவின் வள்ளம். 28 அடி. 2004 டிசம்பரில் சுனாமி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம் நிவாரணமாகக் கிடைத்தது. மோட்டாரை முடுக்கினால் பின்பலகை ஆடுகிறது என்று ஒருநாள் கரையேற்றியவர், அப்புறம் அதைத் தொடவேயில்லை. “ஃபைபர் செத்துப்போச்சுலே” என்றார்.

ஃபைபர் சாகவில்லை. அது கண்ணாடி இழையும், பசை போல ஊற்றி இறுகவைக்கிற பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. கான்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, ரெசினுக்குக் கண்ணாடி இழை அப்படி. அதைக் கரையான் அரிக்காது, துருவும் பிடிக்காது. அழுகுவது உள்ளே வைத்து மூடிய மரம். மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். போல்ட் போட்ட ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால், அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக உப்புத்தண்ணீர் இறங்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா, அதே காதுதான். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து அணியத்திலிருந்து, அதாவது வள்ளத்தின் முன்முனையிலிருந்து, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று பேசும். கெட்ட இடம் ‘பொத்’ என்று அமுங்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எங்கள் வள்ளத்தில் பக்கவாட்டில் நாலு வட்டம்தான். பின்பலகையோ முழுக்கவே வட்டம். அதன் அடியில் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டேன். காப்பி நிறத்தில் தண்ணீர் மூன்று நாள் சொட்டியது. மேல்தோலை அறுத்துத் திறந்தபோது, பிளைவுட் ஊறவைத்த புளி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரும் அவசரப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நானும் அவசரப்பட்டேன். பக்கவாட்டு வட்டம் ஒன்றை நான்கே நாள் காயவைத்து ஒட்டினேன். பத்தாம் நாள் அது அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு எழும்பிவிட்டது. உப்பு இருக்கிற இடத்தில் ஈரமும் இருக்கும். அதனால் முதலில் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். பிறகு பனை ஓலைப் பந்தல் போட்டு, காற்றோட்டமாக விட்டுவிட வேண்டும். காய்ந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு: கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் ஒரு சாண் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலை பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. எங்களுக்குப் பங்குனியில் தொடங்கி நாற்பது நாள் ஆனது. வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டார்கள். பரவாயில்லை, காயட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒட்டும்போது ஓட்டையை மட்டும் அடைத்தால் நிற்காது. சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஃபைபர் அரை சென்டிமீட்டர் தடிமன் என்றால், சரிவு ஆறு சென்டிமீட்டர், அதாவது பன்னிரண்டு மடங்கு. கண்ணாடி இழையைப் பாய் மாதிரி பரப்பியதுதான் மேட். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஏறும். அரை சென்டிமீட்டருக்கு ஐந்து அடுக்கு. மேட்டின் எடையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரோலரால் காற்றுக் குமிழியை வெளியே தள்ளுங்கள். வெள்ளையாகத் தெரிகிற மேட், ரெசின் ஊறியதும் கண்ணாடி போலத் தெளியும். அந்த நிமிஷத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் பத்திலிருந்து இருபது மில்லி. சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகும், பத்தே போதும். வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மத்தியானம் ஒரு மக்கு நிறையக் கலந்து வைத்தால், சூடு வெளியேற வழியில்லாமல் அது புகைய ஆரம்பித்துவிடும். கொஞ்சமாக, அகலமான தட்டில் கலக்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாகச் சேர்க்கிற ரெசின் என்றால், அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். தயவுசெய்து இதை மறக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், முழுக்கைச் சட்டையும் கட்டாயம். பிரஷ் கழுவும் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அது இருக்கிற இடத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த தெர்மாகோலும் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. புதுசு வைக்கும்போது கவனம் வேண்டும், இந்த ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துபோகும். பிளாஸ்டிக் தாளால் சுற்றித்தான் வைத்தோம். பின்பலகைக்கு மரைன் பிளைவுட், அதன் ஓரமெல்லாம் ரெசின் குடிக்கவைத்தது. போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசின் கலவையால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் மறுபடி துளைத்தேன். இனி போல்ட்டைச் சுற்றி ரெசின்தான் இருக்கும். மரத்துக்குத் தண்ணீர் போக வழி கிடையாது.

கச்சான் என்கிற மேல்காற்று தொடங்குவதற்கு முன்னால் வள்ளத்தைக் கடலில் இறக்கினோம். சித்தப்பா மோட்டாரை முடுக்கிவிட்டு, முன்னால் பார்க்காமல் பின்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்துக் கரையேற்றியபோது, பின்பலகையின் அடியில் டிரில்லால் போட்ட அந்தப் பழைய ஓட்டையில் நான் வைத்திருந்த அடைப்பைக் கழற்றி, ஒரு துணித்திரியை உள்ளே விட்டு இழுத்தேன். திரியை அவர் வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.