டார்ட்ஸ்ல நம்பர் 1 யாருன்னு எப்படிக் கணக்குப் போடுறாங்க?

வணக்கம் மக்களே. இன்னிக்கு மொட்டை மாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, பெரம்பூர்ல அது இல்லாம ஒரு வீடியோவும் எடுக்க முடியாது.

பொங்கல் லீவுல கீழ் வீட்டுப் பையன் மேல வந்தான். பதிமூணு வயசு, செஸ் கிளாஸ் போறவன். போர்டைப் பார்த்தான், நாலு அம்பு எறிஞ்சு பார்த்தான், அப்புறம் கேட்டான்: "அண்ணா, இதுல லூக் லிட்லர்னு ஒருத்தர் ஆடுறாரே, அவருக்கு ரேட்டிங் எவ்வளவு?" நான் சொன்னேன், "ரேட்டிங்னு ஒண்ணு கிடையாதுடா, காசுதான்"னு. அவன் நம்பல. "காசை வெச்சு எப்படிண்ணா ரேங்க் போடுவாங்க? பணக்காரன் முதல்ல வந்துடுவானா?" நியாயமான கேள்வி. அவனுக்கு அன்னிக்குச் சொன்னதைத்தான் இப்ப உங்களுக்கும் சொல்லப்போறேன், கொஞ்சம் விரிவா.

டார்ட்ஸ்ல பெரிய ஆட்டக்காரங்க எல்லாரும் ஆடுறது பி.டி.சி நடத்துற போட்டிகள்ல. புரொஃபஷனல் டார்ட்ஸ் கார்ப்பரேஷன், இங்கிலாந்துல இருக்கு. உலக டார்ட்ஸ் கூட்டமைப்புன்னு இன்னொண்ணும் இருக்கு, 1976-ல ஆரம்பிச்சது. அவங்க போட்டிகளைத் தரம் பிரிச்சு, தரத்துக்கு ஏத்த மாதிரி புள்ளி கொடுத்து தனியா ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. ஆனா டிவியில "வேர்ல்ட் நம்பர் ஒன்"னு யாரையாவது சொன்னா, அது பி.டி.சி-யோட ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டியல்தான். அதனால அதைப் பத்தி மட்டும் பேசுவோம்.

அடிப்படை ரொம்ப எளிசு. கடைசி ரெண்டு வருஷத்துல தரவரிசைக்குக் கணக்காகுற போட்டிகள்ல நீ ஜெயிச்ச பரிசுத்தொகையைக் கூட்டு. வர்ற தொகைதான் உன் ரேங்க். நீ யாரைத் தோக்கடிச்ச, எத்தனை 180 (மூணு அம்புல எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி) போட்ட, உன் ஆவரேஜ் எவ்வளவு, எதுவும் கணக்கு இல்ல. விளம்பரத்துல வர்ற காசும் கிடையாது. போர்டு முன்னாடி நின்னு ஜெயிச்ச பவுண்ட் மட்டும்தான். பணக்காரன் முன்னாடி வந்துட முடியாது, அந்தப் பையனோட பயத்துக்கு அதான் பதில்.

ஆனா அந்த ரெண்டு வருஷம் இருக்கு பாருங்க, முழு விளையாட்டும் அதுக்குள்ளதான் இருக்கு.

நம்ம போன் ரீசார்ஜ் மாதிரி நினைச்சுக்கோங்க. ஜெயிக்கிற ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வேலிடிட்டி உண்டு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே போட்டி திரும்ப நடந்து முடியும்போது பழைய தொகை கழிஞ்சுடும், புதுசா ஜெயிச்சது வந்து உட்காரும். அதனால ஒருத்தர் ஒரு போட்டிக்குப் போறப்ப எதிராளியோட மட்டும் ஆடல. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய தன்னோடயும் சேர்த்துத்தான் ஆடுறார். இதை 'டிஃபெண்ட் பண்றது'ன்னு சொல்வாங்க.

மைக்கேல் ஸ்மித்தை எடுத்துக்கோங்க. 2023 ஜனவரில லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல உலக சாம்பியன் ஆனார். 5 லட்சம் பவுண்ட். அன்னிக்கே நம்பர் ஒன்னும் ஆனார். ரெண்டு வருஷம் அந்தத் தொகை அவரைத் தூக்கிப் பிடிச்சுது. அப்புறம் 2024 டிசம்பர்ல திரும்ப அதே உலக சாம்பியன்ஷிப்புக்கு வர்றார் (இதைத்தான் நான் உலகக் கோப்பைன்னு சொல்றேன், டிசம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரில முடியும்), தரவரிசையில இன்னும் மேலதான் இருக்கார். தன்னோட முதல் ஆட்டத்துலயே கெவின் டூட்ஸ்கிட்ட 3-2-ன்னு தோத்துட்டார். கிடைச்சது 15,000. கழிஞ்சது 5 லட்சம். அந்த ஒரு ராத்திரில முதல் பத்து இடத்தை விட்டே வெளிய போயிட்டார். நான் அந்த ஆட்டத்தை முழுசா பார்த்தேன். கடைசி செட்டுல அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. தோல்வி ஒரு பக்கம், ஆனா ரெண்டு வருஷமா காலடியில இருந்த தரை உருவப்படுறது வேற மாதிரி வலி.

இப்ப செவுத்துல இந்த சார்ட்டைக் காட்டுறேன், கேமராவைக் கொஞ்சம் திருப்புறேன். இது நான் போட்டது. பேரு, தொகை, எப்போ காலாவதி, அவ்வளவுதான். மார்கழி மாசம் முழுக்க எனக்கு இதுதான் வேலை. அங்க சாயங்கால ஆட்டம் ஆரம்பிக்கிறப்ப நமக்கு ராத்திரி 12.30. முடியுறப்ப கோயில் ஸ்பீக்கர்ல மார்கழிப் பாட்டு ஆரம்பிச்சிருக்கும், கீழ அக்கா வாசல் தெளிச்சிட்டு இருப்பாங்க.

லூக் லிட்லரோட வரிசையைப் பாருங்க. 2007 ஜனவரில பிறந்தவர். 2024 உலகக் கோப்பைக்கு வந்தப்ப வயசு 16, டூர் கார்டுகூட, அதாவது பி.டி.சி போட்டிகள்ல வழக்கமா ஆடுறதுக்கான அனுமதி, கையில இல்ல. ஃபைனல் வரைக்கும் வந்து லூக் ஹம்ஃப்ரீஸ்கிட்ட தோத்தார். ரெண்டாவது பரிசு 2 லட்சம் பவுண்ட். அந்த ஒரே தொகை அவரை உலகத்துல 31-ஆவது இடத்துல கொண்டு போய் உட்கார வெச்சுது. ஹம்ஃப்ரீஸ் நம்பர் ஒன் ஆனார். அடுத்த வருஷம், 2025 ஜனவரில, மைக்கேல் வான் கெர்வெனை 7-3-ன்னு ஜெயிச்சு லிட்லர் சாம்பியன். இங்கதான் நம்ம பையன் புருவத்தைத் தூக்கினான். ஏன்னா சாம்பியன் ஆகியும் லிட்லர் நம்பர் ஒன் ஆகல. ஹம்ஃப்ரீஸ் ரெண்டு வருஷக் கணக்குல முன்னாடி இருந்தார். நவம்பர்ல, வுல்வர்ஹாம்ப்டன்ல கிராண்ட் ஸ்லாம் நடக்குறப்பதான் லிட்லர் முந்தினார். 18 வயசுல. அவ்வளவு சின்ன வயசுல அந்த இடத்துக்கு யாரும் வந்ததில்ல.

"அப்ப குகேஷ் மாதிரியா அண்ணா?"ன்னான். ஆமாடா, அதேதான். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆனப்பவும் ரேட்டிங்ல முதலிடம் கார்ல்சன்கிட்டதான இருந்துச்சு. பட்டம் வேற, தரவரிசை வேற. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. செஸ்ல உன்னைவிட பலமானவனை ஜெயிச்சா அதிகம் ஏறும், பலவீனமானவன்கிட்ட தோத்தா அதிகம் இறங்கும். டார்ட்ஸ்ல எதிராளி யாருங்கிறது பொருட்டே இல்ல. எந்த சுற்றுல ஜெயிக்கிறங்கிறதுதான் பொருட்டு. முதல் சுற்றுல நம்பர் ஒன்னைத் தோக்கடிச்சாலும் அதே தொகைதான், பேரே தெரியாதவரைத் தோக்கடிச்சாலும் அதே தொகைதான்.

ஆவரேஜ் வெச்சு ரேங்க் போடலாமேன்னு சிலர் சொல்வாங்க. மூணு அம்புக்கு எத்தனை புள்ளின்னு ஒரு கணக்கு, கேட்க நல்லாதான் இருக்கும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒவ்வொரு லெக்லயும், அதாவது ஒவ்வொரு சின்ன ஆட்டத்துலயும், 501-ல இருந்து இறங்கி வந்து கடைசியா ஒரு டபுள்ல, அதாவது புள்ளி ரெண்டு மடங்காகுற ஒல்லி வளையத்துல, முடிக்கணும். மூணு மடங்கு தர்ற ட்ரிபிள் 20-ல ஏழு தடவை குத்திட்டு, டபுள் 16 முன்னாடி கை நடுங்கினா லெக் போச்சு. அதிக ஆவரேஜ் வெச்சு தோத்த ஆட்டம் எத்தனையோ இருக்கு. கடைசி அம்பைப் போடுறவனுக்குத்தான் காசு, அந்த விதத்துல இந்த முறை நேர்மையானது.

எல்லாப் போட்டியும் கணக்குல வராது, இதையும் சொல்லிடறேன். பிரீமியர் லீக் டார்ட்ஸ் இருக்கு, வாராவாரம் ஒரு ஊர்ல, டிவில நிறைய பேர் பார்க்குறது. 2024-ல லிட்லர் அதை ஜெயிச்சார், ஃபைனல்ல ஒன்பதே அம்புல ஒரு லெக்கை முடிச்சார், 2,75,000 பவுண்ட் வாங்கினார். தரவரிசையில அதுக்கு மதிப்பு? பூஜ்யம். ஏன்னா அது அழைப்பு வெச்சு எட்டே பேர் ஆடுறது. கதவு மூடியிருக்குற போட்டியில கிடைச்ச காசைக் கணக்குல எடுத்தா மேல இருக்குறவங்க மேலயே இருப்பாங்க. நாடுகள் ஜோடியா ஆடுற 'வேர்ல்ட் கப்'னு தனியா ஒரு போட்டி இருக்கு, அதுவும் சேராது. ரொம்ப சரியான முடிவு.

கணக்குல வர்றதுல பாதி நம்ம கண்ணுக்கே படாது. பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்னு ஒரு வரிசை. பெரிய ஹால்ல நிறைய போர்டு, 128 பேர், பாட்டு கூத்து எதுவும் கிடையாது, ஒரே நாள்ல முடிஞ்சுடும். முதல் ஆட்டத்துல தோத்தா ஒரு பைசா கிடையாது. பயணச் செலவு, ரூம் வாடகை எல்லாம் சொந்தக் காசு. உண்மையான வாழ்க்கைப் போராட்டம் அந்த ஹால்லதான் நடக்குது. இந்தப் போட்டிகளையும் ஐரோப்பிய டூரையும் மட்டும் சேர்த்து ஒரு வருஷக் கணக்குல தனிப் பட்டியல் ஒண்ணு இருக்கு, புரோ டூர் பட்டியல். புதுசா வர்றவங்களுக்கு அதான் ஏணி. பிளாக்பூல்ல நடக்குற வேர்ல்ட் மேட்ச்பிளேல 32 பேர்ல 16 பேர் பெரிய பட்டியல்ல இருந்து, மீதி 16 பேர் இந்தப் பட்டியல்ல இருந்து. ராப் கிராஸ் இப்படித்தான் ஏறினார். எலக்ட்ரீஷியனா இருந்தவர், 2017-ல டூர் கார்டு வாங்கி, முதல் வருஷத்துலயே மேல வந்து, 2018 ஜனவரில ஃபில் டெய்லரோட கடைசி ஆட்டத்துல அவரையே ஜெயிச்சு உலக சாம்பியன். 16 தடவை உலகப் பட்டம் வாங்கின மனுஷன் டெய்லர்.

டூர் கார்டுன்னு சொன்னேன்ல, அது மொத்தம் 128 பேர்கிட்ட இருக்கும். உலகக் கோப்பை முடிஞ்ச உடனே பட்டியல்ல முதல் 64 பேருக்கு கார்டு நிச்சயம். ரெண்டு வருஷ கார்டுல முதல் வருஷம் மட்டும் முடிச்சவங்களுக்கும் தொடரும். மத்தவங்க ஜனவரில கியூ ஸ்கூல்ங்கிற தகுதிப் போட்டிக்குப் போய் நூத்துக்கணக்கான பேரோட மோதணும். இழந்து திரும்ப வாங்கினா கணக்கு பூஜ்யத்துல இருந்து. 64-க்கும் 65-க்கும் நடுவுல சில நூறு பவுண்ட் வித்தியாசம் இருக்கலாம், ஒரு டபுள் தவறினதுல வந்த வித்தியாசம். ஒருத்தரோட வேலையே அதுல போகுது. ஃபைனலைவிட அந்த 64-ஆவது இடத்தைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

இப்ப எனக்கு இருக்குற ஒரு வருத்தம். 2026 உலகக் கோப்பையில சாம்பியனுக்கு 10 லட்சம் பவுண்ட் ஆக்கிட்டாங்க, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 12 கோடி. ஜனவரி 3-ஆம் தேதி ராத்திரி லிட்லர் ஜியான் வான் வீனை 7-1-ன்னு ஜெயிச்சார். பழைய 2 லட்சம் அன்னிக்குக் கழிஞ்சது, 10 லட்சம் ஏறுச்சு. அவர் அதுக்குத் தகுதியானவர்தான், எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா மூணு வாரப் போட்டி ஒண்ணு ரெண்டு வருஷப் பட்டியலை இவ்வளவு அழுத்துறது சரியில்ல. மேட்ச்பிளே சாம்பியனுக்கு 2025-ல 2 லட்சம். அஞ்சு மேட்ச்பிளே ஒரு உலகக் கோப்பைக்குச் சமமா? கடின உழைப்புல ஒரு மேட்ச்பிளே அதுல பாதிக்காவது சமம்னு நான் நினைக்கிறேன். பரிசு எவ்வளவு வேணாலும் கொடுக்கட்டும், கையில போய்ச் சேரட்டும். தரவரிசைக்கு எடுத்துக்குற தொகைக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு வெச்சா போதும்.

அதே பரிசு உயர்வுல ஒரு நல்லதும் இருக்கு. 128 பேர் ஆடினாங்க, அதுல 48 இடம் உலகம் முழுக்க தகுதிச் சுற்றுல ஜெயிச்சு வர்றவங்களுக்கு. முதல் சுற்றுல தோத்தாலே 15,000. அந்த வழியா வந்தவர்தான் நம்ம நாட்டு நிதின் குமார். 2019 உலகக் கோப்பைலதான் அவரை முதல்ல பார்த்தோம், ஒரு செட்கூட எடுக்காம தோத்தார். இந்தத் தடவை ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2-ன்னு ஜெயிச்சார். அந்த மேடையில ஒரு ஆட்டம் ஜெயிச்ச முதல் இந்தியர். நான் கத்தின கத்தல்ல கீழ் வீட்டுல லைட் போட்டுட்டாங்க. அடுத்த சுற்றுல ஸ்டீஃபன் பண்டிங்கிட்ட தோத்தார், ஆனா 15,000 அதுக்குள்ள 25,000 ஆயிடுச்சு.

பையன் இதைக் கேட்டுட்டு சார்ட்டையே பார்த்துட்டு நின்னான். அப்புறம் டேப் எங்கன்னு கேட்டு வாங்கி, போர்டுல இருந்து கோடு வரைக்கும் 2.37 மீட்டர் சரியா இருக்கான்னு அளந்தான். போர்டோட நடுப்புள்ளி, அதான் 'புல்', தரையில இருந்து 1.73 மீட்டர் உயரத்துல இருக்கான்னும் பார்த்தான், ஸ்டூல் போட்டு. எல்லாம் சரியா இருந்துச்சு.

போறதுக்கு முன்னாடி பென்சில் எடுத்து சார்ட்ல கடைசி வரியை அவனே எழுதினான். இதோ, கையெழுத்து சின்னதா இருக்கு, தெரியுதா? நிதின் குமார், 25,000, காலாவதி 2028 ஜனவரி.