சவுகார்பேட்டைக்குச் சாப்பிட மட்டும் வராதீர்கள்

வணக்கம் நண்பர்களே. மணி காலை ஆறரை. சென்னை சவுகார்பேட்டையில், தங்கசாலைத் தெருவில், ஏகாம்பரேஸ்வரர் கோயில் பக்கத்தில் நிற்கிறேன். சவுகார்பேட்டை என்று சொன்னாலே கமெண்டில் முறுக்கு சாண்ட்விச், பாதாம் பால், ஜிலேபி என்று எழுதிவிடுகிறீர்கள். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் இன்று கேமராவைச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் திருப்பப் போவதில்லை. இங்கே யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சவுகார்பேட்டை இருக்கும் இந்த ஜார்ஜ் டவுனுக்கு 1911 வரை கறுப்பர் நகரம் என்றுதான் பெயர். ஜார்ஜ் கோட்டைக்குள்ளே வெள்ளைக்காரர்கள், வெளியே நம் ஆட்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வியாபாரம் முக்கியம், அதனால் நெசவாளர்களையும் சாயம் போடுகிறவர்களையும் கூப்பிட்டுக் குடிவைத்தார்கள். பணம் புரளும் இடத்துக்கு ஆட்கள் தானாக வருவார்கள் இல்லையா? தெலுங்குச் செட்டியார்கள் வந்தார்கள். பவளம் விற்ற யூதர்கள் வந்தார்கள், அந்தத் தெரு இன்றும் பவளக்காரத் தெருதான். ஆர்மீனியர்கள் வந்தார்கள். அவர்கள் தெருவின் பெயர் நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது, 1772-இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம்தான் இருக்கிறது. அப்புறம் மார்வாடிகள், குஜராத்திகள். சவுகார் என்றால் வட்டிக்குப் பணம் கொடுக்கும் வணிகர். பேட்டையின் பெயரே அதில் வந்ததுதான்.

இப்போதும் இங்கே தெருவின் பெயரைச் சொன்னால் போதும், என்ன வாங்க வந்தீர்கள் என்று தெரிந்துவிடும். துணிக்குக் கோடவுன் தெரு. காகிதம், கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. மளிகை, முந்திரி, திராட்சைக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு. காய்கறிக்குக் கொத்தவால் சாவடி இருந்தது, 1996-இல் அது கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

சரி, எதிரில் இருக்கும் இந்தக் கட்டிடத்தைப் பாருங்கள். கீழே எட்டடி அகலத்தில் ஒரு பை மொத்தக் கடை. முதலாளியின் தாத்தா ராஜஸ்தானிலிருந்து வந்தவர். இவர் பேசுவது சுத்தமான மெட்ராஸ் தமிழ். "இங்கதான் பொறந்தேன், வேற ஊர் எனக்கு ஏது?" என்றார். குடும்பம் முன்பு மாடியிலேயே இருந்ததாம், வசதி வந்ததும் கீழ்ப்பாக்கம் போய்விட்டார்கள். இங்கே பல பழைய வீடுகளின் கதை இதுதான். குடும்பம் காலி செய்த அறைகள் குடோனாகவும் பட்டறையாகவும் மாறிவிட்டன.

அப்படி ஒரு பட்டறைக்கு நேற்று மாலை போயிருந்தேன். மூன்றாவது மாடி, ஒரே அறை, எட்டுப் பேர். எல்லோரும் வங்காளத்திலிருந்து வந்த நகை ஆசாரிகள். ஒரு பையன் வாயில் ஊதுகுழலை வைத்து, தீயின் நுனியை ஒரு ஜிமிக்கியின் கம்பிமேல் மட்டும் படும்படி ஊதிக்கொண்டிருந்தான். கை அசையவே இல்லை. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கி, தூசியை ஒரு டப்பாவில் கொட்டி மூடினார்கள். அதில் பொன் துகள் இருக்கும், ஒரு சிட்டிகைகூட வெளியே போகாது. பெருக்கிய அதே தரையில் பாய் விரித்துத்தான் ராத்திரி தூங்குகிறார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலை நகைக்கடைகளில் நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற நகை இந்த மாதிரி அறைகளிலிருந்தும் போகிறது.

இன்னும் கீழே இறங்க வேண்டும். கடைக்கும் கீழே, நடைபாதைக்கு.

அங்கே குடியிருக்கும் ஒரு அக்கா முகத்தைக் காட்ட வேண்டாம் என்றார், அதனால் கேமராவைத் தரைப் பக்கம் திருப்பிவிட்டேன். இவர் அம்மா பிறந்தது இந்த நடைபாதையில், இவரும் இங்கேதான். கணவர் மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார், துணி பேல் ஏற்றி இறக்குகிறார். இவர் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அரசு மறுகுடியமர்த்தும் கண்ணகி நகரில் வீடு கிடைத்தால் போவீர்களா என்று கேட்டேன். "வீடு அங்க, சோறு இங்க. அவரு பஸ்ஸுக்கே பாதிக் காசு போயிடும், தம்பி" என்றார். இங்கிருந்து அது இருபது கிலோமீட்டருக்கும் மேல். லோடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்ட நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வேலை.

எனக்கு மனதில் நிற்பது இதுதான். இந்தத் தெருவில் கேட்டவர்களில், மூன்று தலைமுறையாக ராத்திரியும் இங்கேயே இருப்பது இந்தக் குடும்பம்தான். வீட்டு எண் இல்லாததும் இவர்களுக்குத்தான்.

இதோ ஒன்பதரை ஆகிறது, ஷட்டர் ஏறுகிறது. அக்கா பாயைச் சுருட்டி, இரண்டு குடத்தையும் ஸ்கூல் பையையும் சேர்த்துக் கட்டி பைக்கடை முதலாளியிடம் நீட்டுகிறார். அவர் எதுவும் கேட்காமல் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் வைக்கிறார். ராத்திரி கடை மூடும்போது அக்கா திரும்ப எடுத்துக்கொள்வாராம்.