எலும்பு கரைந்த பல்லைப் பிடுங்குவதற்கு முன்

வணக்கம். வேரைச் சுற்றி எலும்பு பெருமளவு கரைந்திருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்ததும், “இந்தப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?” என்று கலங்கிப்போகிறவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். எலும்பு எவ்வளவு கரைந்தது என்பதோடு, எதனால் கரைந்தது என்பதையும் அறியாமல் பல்லைப் பிடுங்கக் கூடாது என்பது, பல் மருத்துவராக என் உறுதியான கருத்து.

ஈறுநோயில், பல்லில் படியும் காரையால் எலும்பு ஈறு விளிம்பிலிருந்து வேர் நுனியை நோக்கிக் கரைகிறது. ஆனால், நாம் வழக்கமாக நரம்பு என்று சொல்லும் பற்கூழ் பல்லுக்குள்ளேயே செத்து அழுகினால், கிருமிகள் வேர் நுனித் துளை வழியாகக் கசிந்து எலும்பை உள்ளிருந்து அரிக்கின்றன. அந்தச் சீழ் வேரோரமாக வழிதேடி ஈறு விளிம்பில் வெளியேறும்போது, முற்றிய ஈறுநோய் போலவே தோற்றமளிக்கும். காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் பறிபோவது இங்கேதான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று குளிர்ச்சியை வைத்துச் சோதித்து, பக்கத்துப் பற்களோடு ஒப்பிட வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் ஆரோக்கியமான வாயில் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அது பல பற்களில் அகலமாக ஆழ்ந்திருந்தால் ஈறுநோயையும், ஒரே பல்லில், ஒரே இடத்தில், குறுகலாகச் சட்டென்று ஆழ்ந்திருந்தால் செத்த நரம்பையும் முதலில் சந்தேகிக்கலாம். வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தாலும் இதே அடையாளம் தெரியும் என்பதால், அதையும் தேடிப் பார்த்தாக வேண்டும். அப்படி விரிசல் விட்ட வேரை, ரூட் கேனால் எனப்படும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை காப்பாற்றாது.

நரம்பு செத்ததுதான் காரணமென்றால், ரூட் கேனால் செய்கிறோம்: வேருக்குள் நரம்பு இருந்த குழாயான வேர்க்கால்வாயைச் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, தேவைப்பட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தைச் சில வாரங்கள் வைத்து, பிறகு கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறோம். அதே வேகத்தில் வேரின் வெளிப்புறத்தை ஆழமாகச் சுரண்டிவிடக் கூடாது. பல்லை எலும்போடு இணைக்கும், மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடிய நார்கள் அங்கே எஞ்சியிருக்கலாம். பொதுவாக 2 அல்லது 3 மாதங்கள் பொறுத்திருந்து, பள்ளத்தை மறுபடி அளந்த பிறகே ஈறு சிகிச்சை தேவையா என்று முடிவு செய்கிறோம். இரு நோய்களும் கலந்திருந்தால், நரம்பால் கரைந்த எலும்பு மட்டுமே ரூட் கேனாலால் திரும்பும். நரம்பு நன்றாக இருந்து, ஈறுநோயால் மட்டுமே எலும்பு கரைந்த பல்லுக்கு இந்தச் சிகிச்சை எலும்பை மீட்டுத் தராது.

சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். 6 மாதமோ 1 வருடமோ கழித்து அதே கோணத்தில் எடுக்கும் படத்தை அதனருகில் வைத்தால்தான், எலும்பு வளர்ந்திருக்கிறதா என்பது தெரியும்.