உள்ளங்காலில் தெரியும் மூளை

மூளையைப் பற்றிப் பேச வந்துவிட்டு காலில் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் உள்ளங்காலில், குதிகாலிலிருந்து வெளி ஓரமாக விரல்களை நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கட்டைவிரல் நிமிரும், மற்ற விரல்கள் விசிறி மாதிரி விரியும். உங்களுக்கோ எனக்கோ அப்படி நிமிர்ந்தால் நரம்பு மருத்துவர் முகம் மாறிவிடும். 1896-இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் இது. பெரியவரிடம் கோளாறு, குழந்தையிடம் இயல்பு, அதுவும் ஒன்று ஒன்றரை வயது வரை, சில பிள்ளைகளுக்கு இரண்டு வரைகூட.

ஏன் என்றால், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளுக்கு இன்னும் மேலுறை முழுசாகச் சுற்றவில்லை. அந்த உறைதான் மயலின். அதில் நீரை எடுத்துவிட்டால் பெரும்பங்கு கொழுப்பு, அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது, வெண்பொருள் என்ற பெயரும் அப்படி வந்தது. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை மாதிரி என்பார்கள். எனக்கு அந்த உவமை பாதிதான் பிடிக்கும், கம்பியின் உறை மின்சாரத்தை ஓட வைக்காதே! இங்கே உறைக்கு நடுநடுவே சின்ன இடைவெளிகள் உண்டு, செய்தி அவற்றில் தாவித் தாவிப் போகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்வது, உறை சுற்றிய தடித்த இழையில் 100 மீட்டரையும் தாண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் சுற்றுவதில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மூளை ஆய்வாளர் ஃப்ளெக்சிக் 19-ஆம் நூற்றாண்டிலேயே இறந்த சிசுக்களின் மூளைகளை ஆராய்ந்து, இதற்கு ஒரு வரிசை உண்டென்று கண்டார். மூச்சுக்கும் பால் உறிஞ்சுவதற்கும் வேண்டிய மூளையின் அடித்தண்டு முந்திக்கொள்ளும், பார்வையும் தொடு உணர்வும் சீக்கிரம் வரும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி கடைசி, அது இருபது வயதைத் தாண்டியும் நடக்கும். இன்று எம்.ஆர்.ஐ. படத்திலேயே பார்க்கலாம்: ஒருவகைப் படத்தில் பிறந்த குழந்தையின் வெண்பொருள், நரம்பு செல்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் பொருளைவிடக் கறுத்திருக்கும், ஆறேழு மாதத்தில் இரண்டும் பிரித்தறிய முடியாமல் குழம்பும், அப்புறம்தான் தலைகீழாகி நம் மூளைப் படம் போல ஆகும்.

இரண்டு வயசுப் பிள்ளை “வீசக்கூடாது” என்று தானே சொல்லிக்கொண்டு தட்டை வீசுகிறதே, அதைத் திமிர் என்று நினைக்கிறோம். வெண்பொருள் மட்டும் காரணமில்லை, ஆனால் கையைத் தடுக்க வேண்டிய பகுதி கடைசி வரிசையில் நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

“சீக்கிரம் சுற்ற வைக்க ஏதாவது மாத்திரை?” என்று கேட்பவர்கள் உண்டு. கிடையாது. ஆனால் உறை சுற்றும் செல்களுக்கு இரும்புச்சத்து நிறைய வேண்டும். இரத்தசோகை உள்ள குழந்தைகளின் செவிப்பாதையில் செய்தி தாமதமாகப் போவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொழுப்பும் வேண்டும். நாம் டயட்டில் இருக்கிறோம் என்பதற்காக இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கும் கொழுப்பு நீக்கிய பாலை நீட்டாதீர்கள், அது உங்கள் டம்ளரோடு இருக்கட்டும்.