சாமக் கனவுக்குப் பயந்து குளிசையை நிறுத்தாதீர்கள்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு மருந்தாளர். இன்றைக்கு எச்.ஐ.வி. குளிசை எடுப்பவர்களின் நித்திரையைப் பற்றியும் மனதைப் பற்றியும் கதைக்க வந்திருக்கிறேன். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது இந்தச் சொல் வந்தால் சிலர் வானொலிச் சத்தத்தைக் குறைப்பீர்கள். குறையுங்கள், பரவாயில்லை. ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

ஒருமுறை ஒருவர் குளிசைப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "ஐயா, செத்துப்போன அம்மா ஒவ்வொரு சாமமும் வந்து கட்டிலில் இருக்கிறா. இனி எனக்கு இது வேண்டாம்" என்றார். கையில் புதுசாய் மந்திரித்த நூல். வீட்டாருக்கு வருத்தம் இன்னதென்று தெரியாது. அவராலும் சொல்ல முடியவில்லை. ஐந்து நாளாகக் குளிசை போடவில்லை.

அவருடையது எஃபாவிரென்ஸ் சேர்ந்த குளிசை. அந்த மருந்து மூளைக்குள்ளும் போகும். நேரில் நடப்பது போன்ற கனவு, தலைச்சுற்று, காரணமில்லாத பதற்றம் எல்லாம் அதனால் வரக்கூடியவை. பலருக்கு 2 முதல் 4 கிழமைக்குள் அடங்கிவிடும். எடுத்து 3 முதல் 5 மணித்தியாலத்தில் அது இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். அந்த நேரம் நித்திரையில் கழியட்டும் என்றுதான் படுக்கப்போகும்போது, வெறும் வயிற்றில் போடச் சொல்கிறோம். கொழுப்புச் சாப்பாடு அதன் அளவை இன்னும் கூட்டும். விசாரித்தால், அவர் ஒவ்வொரு இரவும் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்ட கையோடு போட்டிருக்கிறார்!

நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய பயம். அதே குளிசையில் சேர்ந்திருக்கும் மற்ற மருந்துகள் சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும். எஃபாவிரென்ஸ் மட்டும் நாட்கணக்கில் தங்கும். தனித்து நிற்கும் மருந்துக்கு வைரஸ் பழகிக்கொண்டால், பிறகு அது வேலை செய்யாது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.க்கு டொலுடெக்ராவிர் என்ற வேறொரு மருந்தையே முதல் தெரிவாகச் சொன்னது. அதிலும் சிலருக்கு நித்திரை கெடும். அப்படியென்றால் இரவுக் குளிசையைக் காலைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பலருக்கு அதுவே போதும். அலுமினியம், மக்னீசியம் சேர்ந்த நெஞ்செரிவுக் குளிசை போடுபவர்கள் அதற்கு 2 மணித்தியாலம் முந்தியோ 6 மணித்தியாலம் பிந்தியோ டொலுடெக்ராவிரை எடுக்கவேண்டும்.

நித்திரை வரட்டும் என்று சாராயம் குடிப்பதும், பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

மனம் சோர்ந்தால் எல்லாப் பழியையும் மருந்தில் போடவும் முடியாது. நோய் என்று தெரிந்த அதிர்ச்சி, ஒளித்து வாழும் பாரம் இரண்டும் மனிதனை அரிக்கும். ஆனால் முன்பு மனச்சோர்வு இருந்தவர்கள் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

யாழ் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மருந்து இலவசம். இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். நோயின் பெயரைச் சொல்லவேண்டும் என்றில்லை. நித்திரை இல்லை, மனம் சரியில்லை என்றாலே போதும்.