கொப்பியில் ஒரு கையெழுத்து

வணக்கம் நேயர்களே.

"அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு, இந்தக் காலத்து ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்குச் சமம்." கொழும்பில் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதைச் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தவர்போல எழுத வராது என்பது அவருடைய குறை. அவரோடு தர்க்கம் பண்ண எனக்கு விருப்பமில்லை. அந்த எட்டாம் வகுப்பு வரைக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்பேன்.

இலவசக் கல்வி வந்தது 1945இல். அதற்கு முன் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் சம்பளம் கட்ட வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் காசு கேட்கவில்லை. ஆனால் ஆங்கிலம் இல்லாமல் நல்ல உத்தியோகமும் இல்லை. 1946 குடிசன மதிப்பீட்டின்படி எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 60 பேர்கூட இல்லை. 2012இல் அது 95 வீதத்தைத் தாண்டிவிட்டது. கைநாட்டு வைத்த பாட்டனாரின் பேரப்பிள்ளை இன்று கொட்டாஞ்சேனையில் ஓ.எல். சாதாரணதரப் பரீட்சை எழுதுகிறாள். நாம் அலுமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய கடிதங்கள் அழகானவைதான். எழுதத் தெரிந்த கொஞ்சப் பேர் எழுதியவை அவை. எழுதத் தெரியாதவர்களின் கடிதம் நம்மிடம் எப்படி இருக்கும்?

சரி, அப்படியென்றால் இன்று குறையே இல்லையா? இருக்கிறது. தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் அதை மறைக்க முடியாது. "மழைநாள் ஒன்று" என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் "கீழ்வானில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்" என்று தொடங்குவார்கள். மழைநாளில் கதிரவன்! ரியூசனில் பாடமாக்கிய தொடக்கம் அது. எந்தத் தலைப்புக்கும் போடலாம். அதே பிள்ளையிடம், போன கிழமை மழைக்கு என்ன நடந்தது என்று வாயால் கேளுங்கள். காலி வீதியில் தண்ணீர் நின்றது, பஸ் வரவில்லை, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளவத்தை வரைக்கும் நடந்தோம், ஓட்டோக்காரர் இரட்டிப்புக் காசு கேட்டார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அதில் ஒரு வரிகூடக் கட்டுரைக்குள் வராது. அதற்குப் புள்ளி கிடைக்காது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எழுத்துப்பிழை எனக்குப் பெரிய கவலை இல்லை. ரகரமும் றகரமும் எங்கள் காலத்திலும் இடம் மாறித்தான் நின்றன. கொப்பியின் கடைசி வரிக்குக் கீழே பாருங்கள்: சிவப்பு மையில் ஒரு சரி, ஒரு கையெழுத்து, திகதி. உள்ளே ஒருவர் வாசித்ததற்கு அடையாளமே இல்லை. என் கவலை அதுதான். ஆசிரியரையும் எப்படிக் குறை சொல்வது? நாற்பது பிள்ளைகள், ஒரு கட்டுரைக்கு ஏழெட்டு நிமிடம் என்றால் ஐந்து மணித்தியாலம். அதுவும் ஒரு வகுப்புக்குத்தான்.

இடையில் 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடின. கொப்பியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. எழுதிப் பழக வேண்டிய வயதில் அதையெல்லாம் கடந்து வந்த பிள்ளைகளைத்தான் அலுமாரியில் இருக்கும் அந்தப் பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

தவணைக்கு ஆறு கட்டுரை வேண்டாம், இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டையும் ஆசிரியர் வரி வரியாக வாசித்து, "இந்த இடத்தில் என்ன பார்த்தாய்?" என்று ஓரத்தில் எழுதி, பிள்ளை திரும்பவும் எழுத வேண்டும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகள் எத்தனை கட்டுரை என்று எண்ணுவதை விட்டு, இரண்டாம் தடவை எழுதியதைக் காட்டச் சொல்லலாம். ரியூசனுக்கு மாதாமாதம் காசு கட்டும் பெற்றோர் அங்கேயும் இதையே கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.